மடிக்காரியும் மஞ்சப் பையும்

ஒரு ஊர்ல ஒரு மடி இருந்துச்சு.

என்ன சிரிக்கிற? ராஜா இருந்தாரு, நரி இருந்துச்சுன்னு சொன்னாத்தான் கதையா? இது மடியோட கதை. இந்தப் பக்கம் திரும்பிப் படு செவ்வந்தி, காலை நீட்டு. அம்மா வர்ற வரைக்கும் முழிச்சிருப்பேன்னு நேத்தும் இப்படித்தான் சொன்ன, பாதியிலேயே கொர்ர்ருன்னு குறட்டை விட்ட. இன்னைக்காவது அத்தை சொல்லச் சொல்ல "ம்" கொட்டு. உன் "ம்" நின்னா என் கதையும் நின்னுடும், ஆமா.

அந்த மடி ஒரு பொண்ணோட மடி. அவ ஊரு வேலாங்குளம். அந்த ஊருக்கு மேல ரோடு கிடையாது, பஸ்ஸு அங்கதான் திரும்பும். காலையில எட்டரை மணிக்கு டவுன் பஸ்ஸு தடதடதடன்னு வந்து வேப்பமரத்தை ஒரு சுத்து சுத்தி நிக்கும். அவ ஏறுறதுதான் மொத ஊருங்கிறதால எப்பவும் சீட்டு கிடைச்சிடும். டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம். டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில அவளுக்கு வேலை. அங்க ஒரு சட்டம், வேலை பார்க்கிற புள்ளைங்க யாரும் உக்காரக் கூடாது. கடை திறந்ததுலயிருந்து சாத்துற வரைக்கும் நின்னுக்கிட்டே சேலையை எடுத்துப் போடணும், மறுபடி அடுக்கணும். அப்போ ஒரு நாள்ல அவ நிம்மதியா உக்கார்றதுன்னா, பஸ்ஸுல போற அந்த முக்கால் மணி நேரம்தான். கேக்குறியா?

ம். சரி.

நம்ம பக்கத்துப் பஸ்ஸுல ஒரு வழக்கம் உனக்குத் தெரியுமில்ல? நின்னுக்கிட்டு வர்றவங்க கையில பை இருந்தா, உக்காந்திருக்கிறவங்க மடியில கொடுத்துடுவாங்க. நீ யாரு, எந்த ஊருன்னெல்லாம் கேக்குறதில்ல. "இதைக் கொஞ்சம் வச்சுக்கங்க", அவ்வளவுதான் பேச்சு. சில பேரு பையைப் பார்த்ததும் பட்டுன்னு கண்ணை மூடித் தூங்குற மாதிரி இருப்பாங்க. காலையில உன்னை எழுப்புறப்ப நீ செய்வியே, அதே மாதிரி. ஆனா இவ அப்படி இல்ல. யாரும் கேக்குறதுக்கு முன்னாடியே கையை நீட்டிடுவா. பள்ளிக்கூடப் பை நாலு, சாப்பாட்டுத் தூக்கு ரெண்டு, அதுக்கு மேல ஒரு கீரைக்கட்டுன்னு தொப்பு தொப்புன்னு வந்து விழும். கழுத்து மட்டும்தான் வெளியே தெரியும். அவளுக்குச் சொந்தப் பேரு ஒண்ணு இருந்துச்சு. ஆனா பஸ்ஸுல யாரும் அதைச் சொன்னதில்ல. மடிக்காரின்னுதான் சொல்லுவாங்க.

அப்புறம் ஒரு நாள் மடிக்காரிக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. பஸ்ஸுல கண்டக்டர் வேலைக்கு அவ எழுதிப் போட்டிருந்தா. இத்தனாம் தேதி காலையில பத்து மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு நேர்ல வரணும், நம்பரைக் கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு அதுல போட்டிருந்துச்சு. அந்த ரூட்டுல அதுவரைக்கும் ஒரு பொம்பளை கண்டக்டர் கிடையாது. ஊரே, உனக்கெதுக்கு இந்த வேலைன்னு கேட்டுச்சு. அவ ஒருத்திக்குத்தான் அது கிடைச்சிடணும்னு அவ்வளவு ஆசை.

ஏய், எந்திரிக்காத. "எங்கம்மாவா"ன்னு கேக்காத. உலகத்துல எத்தனையோ பேரு கண்டக்டர். படு.

அந்த நாளும் வந்துச்சு. அவ அம்மா கஞ்சி போட்டு, மொடமொடன்னு இஸ்திரி போட்ட சந்தனக் கலர் சேலையை எடுத்துக் கொடுத்தா. சர்டிபிகேட்டையெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஒரு மஞ்சப் பையில வச்சா. அந்தப் பைக்கு ஒரு கதை இருக்கு. அதுக்கு முந்தின வாரம்தான் அரிசி மில்காரர் வீட்டுல கல்யாணம். ஏழு ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, போறவங்க கையிலெல்லாம் தேங்காயும் வெத்தலையும் போட்டு ஆளுக்கொரு மஞ்சப் பை கொடுத்தாரு. அப்போ அந்த வாரம் பூரா பஸ்ஸுல ஏறுறவங்க கையில பாதிப் பேருக்கு அதே பைதான். மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் போட்ட அதே பை. இதை ஞாபகம் வச்சுக்க.

பையைக் கையில கொடுத்துட்டு அவ அம்மா சொன்னா, "இன்னைக்கு ஒரு நாளாவது மடியில எதையும் வாங்காதடி. சேலை கசங்காமப் போய்ச் சேரு."

இவளும் சரிம்மான்னா. மனசார சொன்னா. பஸ்ஸுல ஏறி, உக்காந்து, பையை மடியில வச்சு, அது மேல ரெண்டு கையையும் கட்டிக்கிட்டா.

அப்புறம் பஸ்ஸு பூசாரிப்பட்டியில நின்னுச்சு. ஒரு பெரியவர் ஏறினாரு. கையில ஒரு கோழி. காலைக் கட்டித் தலைகீழாப் பிடிச்சிருக்காரு, அது கொக்கொக் கொக்கொக்னு கத்துது. ஒரு கையில கோழி, ஒரு கையில கம்பி, பஸ்ஸு வளைஞ்சா அவரும் வளையுறாரு. மடிக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் பார்க்கலை, நான் பார்க்கலைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா. ஒரு பாலம் போச்சு. ஒரு கோயில் போச்சு. மூணாவதா ஒரு வேகத்தடை வந்துச்சு, டொம்முன்னு. பெரியவர் தடுமாறினாரு. அவ்வளவுதான், இவ கை தானா நீண்டுடுச்சு. கோழி மடிக்கு வந்துடுச்சு. படபடபடன்னு றெக்கையை அடிச்சு, ஒரு இறகை அவ தலைமுடியிலேயே சொருகிடுச்சு.

ம் சொல்லு. ம்.

அப்புறம் ஆலம்பட்டி. ஒரு அக்கா ஏறினா. இடுப்புல கைக்குழந்தை, தோள்ல ஒரு மூட்டை. கூட்டம் நெருக்குது, குழந்தை வீல்ல்னு கத்துது. இந்தத் தடவை மடிக்காரி ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்ல. கோழிக்கே கொடுத்த இடத்தைக் குழந்தைக்கு இல்லைன்னா சொல்ல முடியும்? கோழியைக் காலுக்கடியில வச்சுட்டுக் குழந்தையை வாங்கிக்கிட்டா. குழந்தை அவ முகத்தைப் பார்த்துச்சு. சிரிச்சுச்சு. அப்புறம் சர்ர்ர்ர்.

ஆமா, அதேதான். மொடமொடன்னு இருந்த சேலை சொதசொதன்னு ஆயிடுச்சு. குழந்தையோட அம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு.  மடிக்காரி, ஜன்னல் காத்துல காஞ்சுடும்க்கான்னு சொல்லிட்டா.

அப்புறம் கருவேலம்பட்டி விலக்கு. அங்க ஏறினா பாரு ஒரு அவசரக்குடுக்கை. அவளைப் பத்தி என்னத்தைச் சொல்ல? மூளை இருக்க வேண்டிய இடத்துலயும் அவளுக்கு அவசரம்தான் இருந்துச்சு. படியில காலை வைக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா ஒரு பையைத் திணிச்சுட்டா. "தங்கச்சி, இதைப் பிடி"ன்னுட்டுப் பின்னாடி ஓடிப்போய்ப் படியில தொத்திக்கிட்டா. என்ன பை?

ம்ம், மஞ்சப் பை. அதே கல்யாணம், அதே மாப்பிள்ளை, அதே பொண்ணு.

அப்போ மடிக்காரி மடியில ரெண்டு மஞ்சப் பை, அது மேல குழந்தை, காலுக்கடியில கோழி. பஸ்ஸு பெரியாஸ்பத்திரி ஸ்டாப்புல நின்னுச்சு. அவசரக்குடுக்கை இறங்கி, ஜன்னலுக்குக் கீழ வந்து, தங்கச்சி பை, பைன்னு கையை நீட்டிக் குதிக்கிறா. கண்டக்டர் ரீய்ய்ய்னு விசில் அடிச்சுட்டாரு. பஸ்ஸு நகருது. மடிக்காரி ஒரு கையில குழந்தையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால அடியிலயிருந்து ஒரு பையை உருவி வெளியே நீட்டிட்டா. அவளும் லபக்குன்னு பிடிச்சுக்கிட்டா. பஸ்ஸு போயிடுச்சு.

அப்புறம் ரெண்டு ஸ்டாப்பு தாண்டிக் கோழி இறங்குச்சு, குழந்தையும் இறங்குச்சு. மடிக்காரி பெருமூச்சு விட்டுட்டு, சர்டிபிகேட் ஈரமாயிடுச்சான்னு பார்க்கப் பையைத் திறந்தா. உள்ள ஒரு மாத்துச் சேலை, ஒரு சீப்பு, ரெண்டு சாத்துக்குடி.  பத்தாவது மார்க் ஷீட்டு, கண்டக்டர் லைசென்ஸ், அந்தக் கடுதாசி, எல்லாம் போச்சு. அப்பல்லாம் ஆளுக்கொரு போனும் கிடையாது. சாத்துக்குடிக்கு அடியில ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணு இருந்துச்சு. எலும்பு வார்டு, படுக்கை பதினாலு. அதுல ஒரு பேரும் இருந்துச்சு, அதை அப்புறம் சொல்றேன்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் குதிச்சா. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டா. குடுகுடுகுடுன்னு வந்த வழியே ஓடுனா.

அங்க அவசரக்குடுக்கை என்ன செஞ்சா தெரியுமா? ஆஸ்பத்திரி வாசல்லேயே பையைத் திறந்து பார்த்துட்டா. கடுதாசியைப் படிச்சா. இன்னைக்குப் பத்து மணின்னு போட்டிருக்கு. ஐயோ, இந்தப் பொண்ணு வேலைக்குப் போற பேப்பராச்சே, ஆபீஸுக்குத்தான் நேராப் போயிருப்பா, அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துடுவோம்னு, வார்டுக்குக்கூடப் போகாம, அடுத்து வந்த வண்டியில ஏறி ஆபீஸுக்குப் பறந்துட்டா. இவ அங்க ஓடுறா, அவ இங்க ஓடுறா. நடுவுல எங்கேயோ ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தாண்டியிருக்காங்க. பார்த்துக்கலை.

ம். தூங்கிடலையே? இனிமேத்தான் இருக்கு.

மடிக்காரி மூச்சு வாங்க எலும்பு வார்டுக்குள்ள போனா. பதினாலாம் நம்பர் கட்டில்ல ஒரு அம்மா படுத்திருந்துச்சு. வலது கையில முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. உங்க பொண்ணு எங்கேம்மான்னு கேட்டா, இன்னும் வரலையேன்னுச்சு. கடியாரத்துல பத்தாகப் பத்து நிமிஷம். அப்போத்தான் மடிக்காரிக்குப் புரிஞ்சுது, அவ கடுதாசியைப் படிச்சுட்டுத் தன்னைத் தேடித்தான் ஆபீஸுக்குப் போயிருக்கணும்னு. பையைக் கட்டில்ல வச்சுட்டுத் திரும்புனா. அந்தம்மா பின்னாடியே கூப்பிட்டுச்சு.

"தாயி, டாக்டர் வர்ற நேரம். ரெண்டு நாளாத் தலையை அள்ளி முடியக்கூட முடியலை. ஒரு சீவு சீவி விட்டுட்டுப் போறியா?"

மடிக்காரி கடியாரத்தைப் பார்த்தா. இங்க ஒரு நிமிஷம் நின்னா அங்க ஒரு நிமிஷம் போச்சு. இந்த வேலை போச்சுன்னா திரும்பவும் அந்த ஜவுளிக்கடைதான், திரும்பவும் நாள் பூரா நிக்கிறதுதான். அந்தம்மாவைப் பார்த்தா. சிக்குப் பிடிச்ச தலையும், மாவுக்கட்டுக் கையுமா, கூச்சத்தோட அவளையே பார்த்துக்கிட்டிருக்கு. வேற ஒண்ணும் யோசிக்கலை. சீப்பை எடுத்து, வறட் வறட்னு சிக்கெடுத்து, இறுக்கமா ஒரு கொண்டையைப் போட்டுட்டா. போட்டுட்டு ஓடுனா.

வெளியே வந்தா ஒரே ஒரு ஷேர் ஆட்டோ. டுக்கு டுக்கு டுக்குன்னு நிக்குது. உள்ள ஏற்கெனவே எட்டு பேரு, டிரைவர் பக்கத்துல ரெண்டு பேரு. டிரைவர், இடமில்லைம்மான்னுட்டாரு.  பத்து மணிக்கு ஆபீஸுல இருக்கணும்ணேன்னு மட்டும் சொன்னா. ஆட்டோக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

அப்போ உள்ள இருந்து ஒரு மீன்காரம்மா எட்டிப் பார்த்துச்சு. நல்ல பருத்த உடம்பு, காலுக்கு நடுவுல மீன் கூடை. நீ யாரு, என்ன ஆபீஸு, ஒண்ணும் கேக்கலை. கூடையை அந்தப் பக்கம் தள்ளுச்சு.

"வா, எம் மடியில உக்காரு."

அவ்வளவுதான் சொல்லுச்சு. ஏழு ஊரு மூட்டையைத் தாங்கின மடிக்காரி, அன்னைக்கு முன்னப்பின்னத் தெரியாத ஒரு மீன்காரம்மா மடியில சின்னப் புள்ள மாதிரி உக்காந்து போனா. கடைத்தெரு நெரிசல்ல வண்டி நின்னு நின்னு ஊர்ந்துச்சு. அது குலுங்கும்போதெல்லாம் அந்தம்மா இடுப்பைச் சுத்திக் கையைப் போட்டுப் பிடிச்சுக்கிச்சு. மடிக்காரிக்கு அழுகை பொலபொலன்னு வந்துச்சு. ஏன் அழுறன்னும் அந்தம்மா கேக்கலை. இறங்கும்போது, போய்ட்டு வான்னுச்சு.

ஆபீஸுல என்ன நடந்துச்சுன்னு கேளு. பத்து மணிக்கு டாண்ணு ஒண்ணாம் நம்பரைக் கூப்பிட்டாங்க. மொத்தம் பத்தொம்பது பேரு. மடிக்காரி ஏழாம் நம்பர். அவசரக்குடுக்கை பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறா. மடிக்காரியைக் காணோம். அப்போத்தான் அவளுக்கு உறைச்சுது, ஐயையோ, அந்தப் பொண்ணு என் பையைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா போலன்னு. உடனே ஓடத்தான் காலைத் தூக்குனா. ஆனா அவ ஆயுசுலேயே முதல் தடவையா அவசரத்தை அடக்கிக்கிட்டா. நான் ஓடுனா மறுபடியும் தப்பிப் போயிடும், நான் இங்கதான் நிக்கணும்னு, நட்ட கல்லு மாதிரி நின்னுட்டா.

ஆறாம் நம்பர் போயிட்டு வந்தாச்சு. கிளார்க்கு, ஏழுன்னு கூப்பிட்டாரு. அப்போ அவசரக்குடுக்கை எட்டாம் நம்பர்கிட்ட ஓடிப் போய், நடந்ததைச் சொல்லிக் கையைப் பிடிச்சுக்கிட்டா. எட்டாம் நம்பரு ஒரு நெட்டையான ஆளு. மெதுவா எந்திரிச்சு, "சார், அவங்க வந்துக்கிட்டிருக்காங்க. என்னை முதல்ல பாருங்க"ன்னாரு. கிளார்க்கு மொணமொணன்னாரு, ஆனா விட்டுட்டாரு. அவர் வந்ததும் மறுபடி ஏழு. ஒம்பதாம் நம்பர் எந்திரிச்சாரு. அப்புறம் பத்து, அப்புறம் பதினொண்ணு. யோசிச்சுப் பாரு. அங்க இருந்த இடமே கொஞ்சம். ஏழாம் நம்பர் வராமப் போனா தனக்கு ஒரு இடம் கூடும்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரியும். எல்லாருக்கும் வீடு இருக்கு, வாசல் இருக்கு, வேலைக்காகக் காத்திருக்கிற வயிறு இருக்கு. இருந்தும் பன்னெண்டு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா எந்திரிச்சாங்க. அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போகுது.

பத்தொம்பதாம் நம்பரும் வெளியே வந்தாச்சு. கிளார்க்கு பேனாவைத் தூக்கிக்கிட்டு, இனிமே யாரை அனுப்புவீங்கன்னு கேட்டாரு. அவசரக்குடுக்கை வாசலையே எட்டி எட்டிப் பார்த்தா.

அப்போ வாசல்ல தடதடதடன்னு ஒரு சத்தம். தலையில கோழி இறகு, சேலையில ஈரம், மேலெல்லாம் மீன் வாடை. மடிக்காரி வந்துட்டா. வெளியே காத்திருந்த அத்தனை பேரும் வழியை விட்டுட்டாங்க. அவசரக்குடுக்கை பையை அவ கையில வச்சு, போ போன்னு முதுகைப் பிடிச்சுத் தள்ளிவிட்டா.

உள்ள இருந்த அதிகாரி அவளை மேலயிருந்து கீழ வரைக்கும் பார்த்தாரு. மூக்கைச் சுருக்கினாரு. "ஏம்மா, நீ எங்கேயிருந்து வர்ற?"

மடிக்காரி நிமிர்ந்து நின்னு சொன்னா, "பஸ்ஸுலயிருந்து சார்."

அவர் ஒரு நிமிஷம் அந்த இறகையே பார்த்துக்கிட்டிருந்தாராம். அப்புறம், காலையிலயிருந்து சிரிக்காத மனுசன் சிரிச்சுட்டு, சர்டிபிகேட்டைக் கொடும்மான்னு கையை நீட்டினாராம். எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு மாசத்துல அவளுக்கு வேலை ஆர்டர் வந்துடுச்சு. அந்த எட்டாம் நம்பர் நெட்டையருக்கும் வந்துச்சு, அதையும் சொல்லிடணும்.

ம்... கண்ணு சொக்குதா? இன்னும் கொஞ்சம்தான்.

அப்புறம் அவசரக்குடுக்கை ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனா. அவ அம்மா கொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. யாருடி அந்தப் புள்ள, அந்தக் கையை விட்டுடாத, நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வான்னு அன்னைக்கே சொல்லிடுச்சு. அவசரக்குடுக்கைக்குக் கல்யாணம் ஆகாத ஒரு தம்பி இருந்தான். அவ அவசரம்தான் உனக்குத் தெரியுமே. அடுத்த வாரமே தட்டுல பூவும் பழமும் எடுத்துக்கிட்டு வேலாங்குளத்துப் பஸ்ஸுல ஏறிட்டா.

இப்ப சொல்லு, அந்தச் சீட்டுல இருந்த பேரு என்ன? இருளாயி. ஆமாடி, உங்க அப்பத்தாதான். அந்தத் தம்பி உங்கப்பன். அந்த மூளையில்லாத அவசரக்குடுக்கை யாருன்னு கேக்குறியா? இந்தா, உன் காலை அமுக்கிவிட்டுக்கிட்டு உக்காந்திருக்கேனே, நான்தான். இந்தக் கையாலதான் அந்தப் பையை வாங்கினேன். நான் செஞ்ச தப்புலேயே உருப்படியான தப்பு அதுதான்.

மடிக்காரி யாருன்னு நான் சொல்லணுமா என்ன? இப்ப அவ பஸ்ஸுல கூட்டம் ஏறினா, ரீய்ய்ன்னு ஒரு விசில் அடிச்சு, "உக்காந்திருக்கிறவங்க மடி சும்மாத்தானே இருக்கு, நிக்கிறவங்க பையை வாங்குங்க"ன்னு ஒரு அதட்டல் போடுறா. தூங்குற மாதிரி நடிக்கிறவங்ககூட முழிச்சுக்கிட்டு வாங்கிடுறாங்க. நானே போய்ப் பார்த்திருக்கேன். இவ என் தம்பி பொண்டாட்டின்னு பக்கத்துல இருக்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டே போவேன்.

இன்னைக்கு அவளுக்குக் கடைசி டிரிப்பு. வந்துடுவா. வந்ததும் தோள் பையைக் கழட்டி மாட்டிட்டு, கை கால் கழுவிட்டு, நேரா இங்கதான் வருவா. நீ தூங்கிட்டாலும் உன் தலையைத் தூக்கி மடியில வச்சுக்குவா, நான் தினம் பார்க்கிறேன். ஏழு ஊரு மூட்டையைச் சுமந்த மடி, ராத்திரியில உனக்கு மட்டும்தான்.

ம் சொல்லலையே? செவ்வந்தி?

சரி, பஸ்ஸு திரும்பியாச்சு, கதையும் இறங்கியாச்சு. தூங்கு தங்கம்.